கட்டிலின் நான்காவது இடம்

வூப்பர்டால், ஃபோவிங்கல், கைசர் வீதி.
இரண்டாம் மாடியில் முப்பத்தெட்டுச் சதுர மீட்டர்.
அழைப்பு மணியில் என் பெயர் மட்டும்.

வாசலைத் திறந்தால் நேரே யன்னல்.
இடையில் ஒரு கதிரை கூட இல்லை.
இப்படியிருந்தால் உள்ளே வரும் சீ
ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல்
அந்தப் பக்கத்தால் போய்விடும்
என்கிறது புத்தகம், பக்கம் பதினொன்று.

சீ என்றால் உயிர்க்காற்றாம்.
பதினாலு வருடம்
கறியில் உப்புக் கூடினாலும்
கதவு சற்றுப் பலமாய்ச் சாத்தினாலும்
எனக்குக் கிடைத்த அதே சொல்.
பன்னிரண்டு யூரோ கொடுத்து வாங்கிய புத்தகத்திலும்
முதல் பாடம் அதுதான்.

சரி. செருப்புத் தட்டை நடுவில் இழுத்து வைத்தேன்.

வீட்டின் பின்னால் மலை வேண்டும், முன்னால் நீர்.
பின்னால் ஆல்டியின் கார் தரிப்பிடம்.
முன்னால் மழை.
இந்த ஊரில் நீருக்கு என்ன குறை.
கூரான எதுவும் வீட்டைப் பார்க்கக் கூடாது,
அது நஞ்சு தோய்த்த அம்பு.
தொங்குரயில் தூணின் சாய்ந்த காலொன்று
என் யன்னலைத்தான் குறிவைத்து நிற்கிறது,
நூறு வருடத்துக்கு மேலாக.
மாநகர சபைக்கு எழுதவா?
ஒரு மணிச்செடி வாங்கி நடுவில் வைத்தேன்.

ஒரு வருடம் தொடாத பொருள் வீட்டுக்குப் பாரம்.
மூடி தொலைந்த மிக்ஸிச் சாடி,
யாரோ பூட்டி யாரோ தொலைத்த சூட்கேஸ்,
மூன்று சேலை, ஒரு குடும்பப் படம் போயின.
நீதிமன்றக் கோப்பை மட்டும் எறிய முடியாது,
பத்து வருடம் பத்திரம் என்று சொல்லியிருக்கிறாள் வழக்கறிஞர்.
தென்கிழக்கு செல்வ மூலை.
ஜீவனாம்சத் தீர்ப்பை அங்கே நிறுத்தினேன்.
தென்மேற்கு துணைக்கான மூலை,
எதையும் இரண்டு இரண்டாய் வை என்கிறார்கள்.
அங்கே ஏற்கெனவே இருக்கின்றன
மின்சார மீட்டரும் எரிவாயு மீட்டரும்,
பக்கத்தில் பக்கத்தில்,
தனித்தனியாய்ச் சுற்றியபடி.

கட்டில்தான் பெரும்பாடு.
முதல் இடத்தில் கால் வாசலைப் பார்த்தது,
சவம் புறப்படுகிற திசை.
இரண்டாவது, யன்னலுக்குக் கீழே.
தலைக்குப் பின்னால் சுவர் இல்லை,
நாலு நிமிடத்துக்கொரு முறை
ஒரு பெட்டி நிறைய ஆட்கள் என் போர்வையைக் கடந்தார்கள்.
மூன்றாவது இடத்தில்
முந்தைய குடியிருப்பாளர் விட்டுப்போன அலுமாரிக் கண்ணாடி
என்னை முழுதாய்ப் பார்த்தது.
எதையும் இரட்டிப்பாக்கும் கண்ணாடி.
தனியாள் ஒருத்தியை இரட்டிப்பாக்கினால்
இரண்டு தனியாள்.

இரவு பதினொன்று பத்துக்குக் கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு டொரோட்டா.
மூன்றரைக்கு பேக்கரிக்குப் போகிறவள்,
குளியலங்கியின் மேல் கோபம் போர்த்து நின்றாள்.
சொல்லப்போகிறாள், போலிஷ் மொழியில்
அதே சொல்லை.
அவள் கட்டிலைப் பார்த்தாள்.
குப்புறக் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள்.
வியர்வையைப் பார்த்தாள்.
"எங்கே வேணும்?"
மறுமுனையைத் தூக்கிவிட்டாள், என் பதிலுக்கு முன்பே.

படுத்தால் வாசல் தெரிய வேண்டும்,
வாசலுக்கு நேரே இருக்கவும் கூடாது.
ஜெர்மனில் சொல்லத் தெரியவில்லை, கையால் காட்டினேன்.
"பயந்தவர்கள் படுக்கிற மாதிரி," என்றாள்.
"நானும் அப்படித்தான்."
கீழே போய்த் திரும்பி வந்தாள்,
கட்டில் காலுக்கு நாலு துண்டுக் கம்பளியோடு.

நான்காவது இடத்திலிருந்து
கண்ணாடியில் நான் இல்லை.
ரயில் இருக்கிறது, எதிர்த் திசையில் போகிறது,
கடைசி வண்டி, உள்ளே ஒரே ஒருவன்
வாழைப்பழம் உரித்துக்கொண்டு.

தினமும் காலையில் பத்து நிமிடம்
யன்னலை முழுதாய்த் திறந்து வைக்கவும்.
இது சீனத்துச் சாத்திரம் இல்லை,
வாடகை ஒப்பந்தம், பிரிவு ஒன்பது.
திறந்தேன். நவம்பர்.
ஈர இரும்பும் சுட்ட பாணும் மணக்க
உள்ளே நுழைந்தது.
சீ, என்றேன்,
வா, இரு என்கிற குரலில்.
செருப்புத் தட்டில் முட்டி
அது கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது.